மில் நின்ற முதல் மணித்தியாலம்

தைப்பொங்கலுக்கு முந்திய கிழமையில் பண்டத்தரிப்பில் ஒரு மா மில் நின்றால் கஷ்டம் மில்காரரோடு நிற்பதில்லை. சில்லாலையிலிருந்தும் மாதகலிலிருந்தும் ஊறவைத்த அரிசியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் வாசலில் நிற்பார்கள். வடித்த அரிசி பொறுத்திருக்காது, பின்னேரத்துக்குள் புளிப்பு மணம் வந்துவிடும். வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெஷின் நின்றாலும், மாதகல் கரையில் படகு எஞ்சின் நின்றாலும் நிலைமை இதுதான். உடைந்தது சில ஆயிரம் ரூபாய்ச் சாமான். அதனால் முடங்குவது ஒரு வீட்டின் வருமானமும், அதை நம்பியிருக்கும் பத்து வீட்டின் வேலையும்.

அப்போது நாங்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் தெரிந்த கடைக்குப் போன் எடுத்து, “பெயரிங் ஒண்டு வேணும், அவசரம், எப்ப வரும்?” என்று கேட்கிறோம். “நாளைக்கு வந்திடும்” என்று பதில் வருகிறது. அதன் பிறகு காத்திருக்கிறோம்.

எங்கள் பக்கத்தில் மிளகாய்த்தூள் மில் நடத்தும் ஒரு அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். அரைக்கும் மெஷினின் முன்பக்கப் பெயரிங் இரண்டு நாள் சத்தம் போட்டு, சூடேறி, இறுகி நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலை நகரத்துக் கடை ஒன்றுக்குச் சொன்னார். “நாளைக்கு வந்திடும் அக்கா.” செவ்வாய் கேட்டார். “லொறி வெளிக்கிட்டிட்டுது அக்கா.” புதன் கேட்டார். “முதலாளி கொழும்பிலை நிக்கிறார், கேட்டுச் சொல்லுறன்.” வியாழன் காலை அவர் போன் எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வேறொரு பிள்ளை எடுத்து, “எந்தப் பெயரிங் அக்கா? என்ன நம்பர்?” என்று கேட்டது. அந்த ஓடரை அந்தக் கடையில் ஒருவரும் எழுதியே வைத்திருக்கவில்லை. அக்கா ஒன்றும் பேசவில்லை. போனை வைத்துவிட்டு, சுவரோரம் அடுக்கியிருந்த மிளகாய்ப் பைகளில் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்து, ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார், “சங்கானைக்குக் கொண்டுபோய் அரையுங்கோ” என்று.

எனக்குக் கோபம் வந்தது, இன்றும் அது போகவில்லை. அந்தப் பெயரிங் கடையில் இல்லாமல் போனது குற்றமல்ல. எந்தக் கடையும் எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது. திங்கள் காலை பத்து மணிக்கு “எங்களிட்டை இல்லை அக்கா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வேறு கடை, கொழும்பு இரவு பஸ், லேத் பட்டறை என்று மூன்று வழி அவருக்கு அன்றே திறந்திருந்தது. பொய்யான நம்பிக்கை கொடுத்து மூன்றையும் அடைத்துவிட்டார்கள். வாடிக்கையாளர் சேவை என்றால் இனிமையாகப் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கடையில் இனிமைக்குக் குறைவிருக்கவில்லை. எல்லோரும் “அக்கா, அக்கா” என்றுதான் பேசினார்கள்.

மெஷினை நம்பிப் பிழைப்பவர்களுக்கும், உதிரிப்பாகக் கடையில் போனை எடுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். முதலில் வாங்குபவர்களுக்கு.

எப்ப வரும் என்று கேட்காதீர்கள்

“எப்ப வரும்?” என்ற கேள்விக்குக் கடைக்காரர் யோசிக்காமலே ஒரு நாளைச் சொல்லிவிடலாம். “இப்ப அது எங்கை இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்ல அவர் எழுந்து போய் ராக்கையைப் பார்க்க வேண்டும், அல்லது கொழும்புக்குப் போன் எடுக்க வேண்டும். சாமான் இருக்கக்கூடிய இடம் மூன்றுதான். கடைக்குள் இருக்கிறது என்றால் நீங்களே மோட்டார் சைக்கிளில் போய் எடுத்து வரலாம். கொழும்பில் மொத்த வியாபாரியிடம் இருக்கிறது என்றால் ஒரு இரவு. வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றால் வாரங்கள், சில வேளை மாதங்கள். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் சொல்லப்படும் எந்தத் திகதியையும் நம்பி ஒரு நாளைக்கூட விடாதீர்கள்.

அடுத்துக் கேட்க வேண்டியது பேசுகிறவரின் பெயர். மிரட்டுவதற்காக அல்ல. மறுநாள் வேறொருவர் போனை எடுத்தால் “நேற்று இன்னாரோடு கதைத்தேன்” என்று தொடங்கலாம். பெயரைச் சொன்னவர் அந்த ஓடரைக் கொஞ்சமாவது தன்னுடையதாக எடுத்துக்கொள்வார், பெரும்பாலான இடங்களில் நான் பார்த்தது இதுதான். மூன்றாவது, ஒரு நேரம் குறியுங்கள். “பின்னேரம் மூன்று மணிக்குள் உண்டு, இல்லை என்று சொல்லுங்கோ. இல்லையெண்டால் நான் வேறை இடம் பாக்கிறன், கோவிக்கமாட்டன்.” இந்தக் கடைசிப் பகுதி முக்கியம். வியாபாரம் போய்விடும், உறவு முறிந்துவிடும் என்ற பயத்தில்தான் பலர் இல்லை என்று சொல்லத் தயங்குகிறார்கள். இல்லை என்று சொன்னாலும் அடுத்த முறை உங்களிடமே வருவேன் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் உண்மை சீக்கிரம் வெளியே வரும்.

ஒரே சாமானை இரண்டு கடையில் ஓடர் கொடுத்துவிட்டு, முந்தி வந்ததை எடுத்துக்கொண்டு மற்றவருக்குச் சொல்லாமல் விடும் பழக்கமும் எங்களிடம் இருக்கிறது. அது வேண்டாம். விசாரிப்பதை எத்தனை இடத்திலும் விசாரியுங்கள், ஓடரை ஒரு இடத்தில் கொடுங்கள். மாற்றவேண்டி வந்தால் உடனே போன் எடுத்து நிறுத்துங்கள். உங்களுக்கென்று கொழும்பிலிருந்து எடுத்த சாமானை ஒரு சிறிய கடைக்காரர் வருடக்கணக்கில் ராக்கையில் வைத்திருந்தால், அடுத்த வாடிக்கையாளரின் அவசரத்தை அவர் எப்படி நம்புவார்?

இலக்கம் தெரிந்தவருக்குச் சாமான் கிடைக்கும்

கடைக்காரரைக் குறை சொல்லும் முன் எங்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். “மா மில் பெயரிங்”, “சின்ன மெஷின் பெல்ற்”, “யமஹா எஞ்சின் சாமான்” என்று கேட்டால் உலகத்தில் எந்தக் கடையாலும் சரியான பதில் சொல்ல முடியாது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிழையான சாமான் வந்து திரும்பிப் போகும் நாட்களை இங்கேதான் மிச்சம் பிடிக்கலாம்.

பெயரிங்கைத் துடைத்து, வளையத்தின் பக்கவாட்டைப் பாருங்கள். 6205 என்று பொறித்திருந்தால், கடைசி இரண்டு இலக்கமான 05ஐ ஐந்தால் பெருக்குங்கள்: 25. உள் துவாரம் 25 மில்லிமீற்றர். 04இலிருந்து மேலே போகும் சாதாரண பெயரிங்குகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தும். ஆனால் உள் துவாரத்தை மட்டும் அளந்து சொன்னால் போதாது. 6205இன் வெளி விட்டம் 52 மில்லிமீற்றர், தடிப்பு 15. அதே 25 மில்லிமீற்றர் துவாரமுள்ள 6305இன் வெளி விட்டம் 62, தடிப்பு 17. ஒரு இலக்கம் மாறினால் கூட்டுக்குள் போகாது.

இலக்கத்துக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் விடாதீர்கள். 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் இரண்டு பக்கமும் தகர மூடி. மாவும் தூளும் பறக்கும் மில்லில் ரப்பர் மூடிதான் நின்று பிடிக்கும். சி3 என்று இருந்தால் உள்ளே குண்டுகளுக்குக் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்தது, சூடேறும் இடத்துக்கானது. அதற்குப் பதிலாக சி3 இல்லாததைப் போட்டால் அன்று ஓடும், சூட்டில் விரிந்து சீக்கிரமே இறுகிவிடும்.

மில்களில் தண்டைத் தாங்கும் பெயரிங் பெரும்பாலும் வார்ப்பிரும்புக் கூட்டோடு வரும். யூசிபி 207 என்றால் கூட்டோடு சேர்ந்த முழுத் தொகுதி. யூசி 207 என்றால் உள்ளே இருக்கும் பெயரிங் மட்டும். இரண்டுக்கும் தண்டு 35 மில்லிமீற்றர்தான். கூடு நல்லபடி இருந்தால் உள்ளே உள்ளதை மட்டும் மாற்றலாம். விலை குறையும், கடையில் கிடைக்கும் வாய்ப்பும் கூடும், பார்சலின் பாரமும் குறையும். இதை அறியாமல் முழுத் தொகுதிக்காக நாட்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

பெல்ற்றில் பி 75 என்று இருந்தால், பி வகை, மேல் அகலம் 17 மில்லிமீற்றர், உள்சுற்று 75 அங்குலம். ஏ வகையின் மேல் அகலம் 13. எழுத்து அழிந்துபோயிருந்தால் அறுந்த பெல்ற்றை அளக்காதீர்கள், அது ஓடி ஓடி இழுபட்டிருக்கும். மோட்டரைக் கிட்டத் தள்ளி, இரண்டு கப்பியையும் சுற்றி ஒரு கயிற்றைப் பிடித்து அளவெடுங்கள். ஒரே கப்பியில் மூன்று பெல்ற் ஓடினால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது முழுப் பாரத்தையும் தாங்கி முதலில் அறும். ஒயில் சீலில் இருக்கும் 35 52 7 என்பது உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு. மோட்டருக்குத் தகட்டை அப்படியே படம் எடுங்கள்: கிலோவாட், சுற்று வேகம், வோல்ற், ஒரு பேஸா மூன்று பேஸா. படகு எஞ்சினுக்கு, படகில் கவ்வும் பகுதியில் உள்ள சிறிய தகட்டில் மொடல் குறியும் தொடரிலக்கமும் இருக்கும். உப்புக் காற்றில் அது அழிந்துபோக முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குதிரைவலுவை மட்டும் சொன்னால் போதாது, ஒரே வலுவில் பல வருட மொடல்கள் உள்ளன.

இலக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. கொழும்பு மொத்தக் கடையில் போனை எடுப்பவருக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம், உங்களுக்குச் சிங்களம் வராமலிருக்கலாம். 6305, 2ஆர்எஸ், சி3 என்றால் இருவருக்கும் விளங்கும்.

படம் எடுக்கும்போது சாமானுக்குப் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம், இலக்கம் கிட்டத்தில், அது பொருந்தும் இடம் எட்டத்தில் என்று நாலு படம் போதும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பாமல் எழுதி அனுப்புங்கள். எழுத்து நின்று பேசும். உதாரணமாக:

“வணக்கம். பண்டத்தரிப்பிலிருந்து. மிளகாய் மில் நின்றுவிட்டது. தேவை: பெயரிங் யூசி 207, இரண்டு. படம் இணைத்துள்ளேன். மூன்று விடயம் சொல்லுங்கள்: இப்போது உங்கள் கடையில் இருக்கிறதா? விலை என்ன, எந்த நாட்டுத் தயாரிப்பு? இல்லை என்றால் இன்றிரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து ஏற்ற முடியுமா? பி.ப. 3 மணி வரை பார்ப்பேன். இல்லை என்றாலும் சொல்லுங்கள், நன்றி.”

பேசி முடித்த எந்தப் போன் அழைப்புக்குப் பிறகும் இப்படி ஒரு வரி எழுதி அனுப்பும் பழக்கம் வேண்டும்: “நீங்கள் சொன்னபடி புதன் காலை சாமான் வரும், விலை இவ்வளவு, முற்பணம் இவ்வளவு அனுப்பினேன்.” அக்காவின் ஓடர் இப்படி எழுத்தில் போயிருந்தால் வியாழக்கிழமை அந்தப் பிள்ளை இலக்கம் கேட்டிருக்கத் தேவையில்லை.

கொழும்பிலிருந்து ஒரு இரவு

யாழ்ப்பாணத்தில் கேட்டு இல்லையென்றால் கொழும்பில் வாகனச் சாமானுக்குப் பஞ்சிகாவத்தை, இரும்புச் சாமானுக்கும் பம்புக்கும் மெஷின் சாமானுக்கும் பழைய சோனகத் தெரு. இரண்டையும் எங்கள் அப்பாமார் காலத்திலிருந்தே தெரியும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தை இரவு பஸ் விடிவதற்குள் கடந்துவிடுகிறது. கூரியரை விட அது வேகம். ஆனால் பஸ்ஸில் ஏற்றியாயிற்று என்ற சொல்லோடு திருப்திப்படாதீர்கள். பஸ் இலக்கம், நடத்துநரின் போன் இலக்கம், பார்சலின் ஒரு படம், இறக்கும் இடம், நாலும் வேண்டும். பார்சலின் மேல் உங்கள் போன் இலக்கத்தைத் தடித்த மையால் எழுதச் சொல்லுங்கள். கொழும்பில் படிக்கும், வேலை செய்யும் உறவினர் ஒருவர் இருந்தால், கடைக்கு நேரே போய்ப் பெட்டியைத் திறந்து இலக்கத்தைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அவருக்கு ஒரு மணித்தியாலம் செலவாகும், உங்களுக்கு இரண்டு நாள் மிஞ்சும்.

போலியைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கொம்பனிகளின் பெயரில் போலிப் பெயரிங் உலகம் முழுக்க ஓடுகிறது. எஸ்கேஎஃப் கொம்பனி அதைச் சரிபார்ப்பதற்கென்றே ஒரு செயலி வைத்திருக்கிறது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் காரணம் கேளுங்கள். இந்தியாவில், சீனாவில் செய்த நல்ல சாமான்களும் உண்டு. அவற்றை அவற்றின் சொந்தப் பெயரில், சொந்த விலையில் வாங்குவதில் குறையில்லை.

வெளிநாட்டு உறவினரிடம் எடுப்பிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்களுக்கு வருவது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். அங்கே வாங்கிய மோட்டரோ கொன்ராக்டர் சுருளோ இங்கே அப்படியே பொருந்தாது. லண்டனில் 230, 50 என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. பம்புச் சாமானுக்குக் கோயம்புத்தூர் இருக்கிறது, எங்கள் தோட்டங்களில் ஓடும் பல பம்புகள் அந்த ஊர்க்காரர் செய்தவைதான். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும், 2023 ஒக்ரோபரில் தொடங்கிய காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பலும் வந்தபின் கைப்பையில் ஒரு சிறிய சாமான் வருவது முன்னைவிட இலகு. பற்றுச்சீட்டைக் கூடவே கொண்டுவரச் சொல்லுங்கள், சுங்கத்தில் மறைக்க வேண்டாம்.

சாமான் வரும்வரை

சாமான் இல்லாமல் சமாளிப்பது எங்களுக்குப் புதிதல்ல. 1990இல் போர்க்காலப் பொருளாதாரத் தடை வந்தபின் எரிபொருள், பற்றரி, உதிரிப்பாகம் என்று நீண்ட பட்டியலே குடாநாட்டுக்குள் வராமல் நின்றது. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002 ஏப்ரலில்தான் திறந்தது, 2006 ஓகஸ்ரில் மறுபடி மூடியது. அந்த வருடங்களில் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேய்ந்த தண்டுக்கு உறை போடுவது, பித்தளையில் புஷ் கடைவது, செத்த மெஷினிலிருந்து உயிருள்ள மெஷினுக்குச் சாமான் எடுப்பது எல்லாம் அன்று பட்டறைகளின் அன்றாட வேலை. அந்தக் கைகளிடம் பழகியவர்கள் இப்போதும் எங்கள் ஊர்களில் லேத் நடத்துகிறார்கள். அவர்களிடம் ஒரு உடைந்த சாமானைக் கொடுத்தால், செய்யலாம், செய்யேலாது, செய்தால் இத்தனை நாள் தாங்கும் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அப்படிச் சொல்வதைத்தான் நான் சேவை என்று மதிக்கிறேன். காத்திருக்கும் நாட்களில் முதலில் அவர்களிடம் போங்கள்.

ஆனால் தற்காலிக வேலைக்கும் எல்லை உண்டு. சில படகு எஞ்சின்களிலும் வேறு பல மெஷின்களிலும் ஒரு சிறு ஊசியை, மிதமிஞ்சிய பாரம் வந்தால் முறிய வேண்டும் என்றே மென்மையான உலோகத்தில் வைத்திருப்பார்கள். அது முறிந்துவிட்டது என்று உருக்குப் போல்ற்றைப் போட்டால், அடுத்த முறை கல்லில் தட்டும்போது முறிவது உள்ளே இருக்கும் பல்சக்கரம். பெல்ற்றின் மேல் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் வேண்டாம். சேலையும் சாரமும் உடுத்து நிற்கும் இடம் அது.

சட்டம் எங்கே உதவும்

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். பொருள் உத்தரவாதத்துக்கு மாறாக இருந்தால் வாங்கிய மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். விசாரித்து, மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ அதிகாரசபை உத்தரவிடலாம். அழைப்பு இலக்கம் 1977. தமிழில் எழுதலாம். தரமற்ற சாமானுக்கும் மறுக்கப்பட்ட உத்தரவாதத்துக்கும்தான் இது நேரடியாக உதவும். தாமதத்துக்கு உங்கள் பலம் நீங்கள் எழுதி வாங்கிய திகதிதான். 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. குறித்த நாள் முக்கியம் என்பது பேச்சில் தெளிவாக இருந்ததா என்பதே அங்கே கேள்வியாகும். ஆகவே “15ஆம் திகதிக்குப் பிறகு வந்தால் எனக்குத் தேவையில்லை, முற்பணம் திரும்ப வேண்டும்” என்று ஓடர் கொடுக்கும்போதே எழுதிவிடுங்கள். சிறு தொகைத் தகராறுகளுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. ஆனால் ஊருக்குள் சண்டைக்கு முன் முதலாளியிடம் ஒருமுறை நேரே போய், எழுதியதைக் காட்டிப் பேசுங்கள். கீழே நடப்பது அவருக்குப் பல வேளை தெரிந்திருப்பதில்லை.

போனை எடுக்கும் பிள்ளைக்கு

தம்பி, தங்கச்சி, உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360ஐத் தாண்டியபோது பல கடைகள் ராக்கையை நிரப்புவதை விட்டுவிட்டன. அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. சாமான் இல்லை, முதலாளி பதில் சொல்லவில்லை, வாடிக்கையாளர் சத்தம் போடுகிறார். நடுவில் நிற்பது நீங்கள். “நாளைக்கு வந்திடும்” என்பது அந்த நிமிடத்தில் உங்களைக் காப்பாற்றுகிறது. மறுநாள் அதே ஆளின் இரட்டைக் கோபத்தை நீங்கள்தான் வாங்குகிறீர்கள்.

ஒரு கொப்பி வையுங்கள். திகதி, பெயர், போன், சாமான் இலக்கம், என்ன சொன்னீர்கள், எப்போது திருப்பி எடுப்பதாகச் சொன்னீர்கள். வேலை முடியும்போது அடுத்தவரிடம் கொப்பியைக் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்குச் செய்தி இல்லாவிட்டாலும் போன் எடுங்கள்: “அண்ணை, இன்னும் பதில் வரேல்லை, ஐஞ்சு மணிக்குத் திரும்ப எடுக்கிறன். பொறுக்கேலாதெண்டால் மற்றக் கடையிலையும் கேட்டுப் பாருங்கோ.” இப்படிப் பேசும் பிள்ளையின் சொல்லை நம்பி அந்த அண்ணை தன் வேலையைத் திட்டமிடலாம். இல்லை என்று சொல்லும்போது எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாடிக்கையாளரை இழந்துவிடுவோம் என்று முதலாளி சொன்னால், அடுத்த முறை யார் முதலில் போன் எடுக்கிறார் என்று பாருங்கள் என்று துணிந்து சொல்லுங்கள்.

கனரக இயந்திரங்கள் செய்யும் கேற்றர்பில்லர் கொம்பனி உலகின் எந்த மூலைக்கும் 48 மணித்தியாலத்துக்குள் உதிரிப்பாகம், தவறினால் செலவு எங்களது என்ற உறுதிமொழியால் பெயர் எடுத்தது. அதற்குப் பின்னால் களஞ்சியமும், எது எங்கே இருக்கிறது என்ற ஒழுங்கான கணக்கும் இருந்தன. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் இருக்கும் ஒரு கடைக்கு உலகக் களஞ்சியம் தேவையில்லை. தன் ராக்கையில் என்ன இருக்கிறது என்று இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிந்தால் போதும். கணினியில் ஒரு எளிய இருப்புப் பட்டியல் செய்யத் தெரிந்த, பெயரிங் இலக்கம் வாசிக்கத் தெரிந்த, கொழும்போடு சிங்களத்தில் பேசக்கூடிய பிள்ளையை எந்த முதலாளியும் விடமாட்டார். தொழில்நுட்பக் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ மெக்கானிக் பயிற்சி எடுத்து என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழும் வைத்திருந்தால், கவுண்டரிலிருந்து சேவைப் பொறுப்பாளராக, பிறகு சொந்தக் கடைக்காரராக உயரும் வழி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது என்பது என் எண்ணம்.

முன்கூட்டியே வாங்கி வைப்பது

எல்லாவற்றையும் வீட்டில் வாங்கி அடுக்க முடியாது. இது இல்லாவிட்டால் மெஷின் முழுதாக நின்றுவிடுமா, கிடைக்க ஒரு நாளுக்கு மேல் எடுக்குமா, ஒரு நாள் வருமானத்தை விட விலை குறைவா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் இன்றே வாங்கி வையுங்கள். பேச்சுக்கு, பொங்கல் கிழமையில் நாளுக்கு 15,000 ரூபா கூலி பார்க்கும் மில்லுக்கு நாலு நாள் நின்றால் 60,000 ரூபா போய்விடும். வீட்டில் வைத்திருக்க வேண்டிய பெல்ற் தொகுதியும், இரண்டு பெயரிங்கும், சீல்களும், மோட்டர் கொண்டென்சரும் சேர்ந்தாலும் பெரும்பாலும் அந்தத் தொகைக்குக் கிட்ட வராது. பெல்ற்றை வெயில் படாத இடத்தில், ஆணியில் தொங்கவிடாமல் வையுங்கள். பெயரிங்கைப் பூட்டும் நாள் வரை பெட்டியிலிருந்து பிரிக்க வேண்டாம். தைக்கும் சித்திரைக்கும் ஒரு மாதம் முன்பே, காலபோக அறுவடைக்கு முன்பே மெஷினை நிறுத்திப் பாருங்கள். பெயரிங் பெரும்பாலும் சத்தம் போட்டபின்தான் உடையும்.

புதுச் சாமான் வந்ததும் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபின்தான் பூட்டுங்கள். பழையதை உடனே எறியாதீர்கள். ஓடிப் பார்த்து ஒரு கிழமை கழியட்டும். மெஷினின் மூடிக்கு உட்புறம், எண்ணெய் படாத இடத்தில், மாற்றிய சாமானின் இலக்கத்தையும் திகதியையும் பெயின்ரால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொல்லும். அன்றே அதே இலக்கத்தில் இன்னொன்றுக்கு ஓடர் கொடுங்கள். இந்த முறை மில் ஓடிக்கொண்டிருக்கும், விலையை நிதானமாகப் பேசலாம்.